இவருக்குத் தவறிப்போன நகரம்

எந்த ஊர் என்று இங்கிலாந்தில், யோர்க் நகரத்தில் யார் கேட்டாலும் ஸ்காபறோ என்றுதான் எனக்கு வாயில் வரும். முப்பது வருடத்துக்கு மேலாக அதையே சொல்லிப் பழகியாயிற்று. கேட்டவரின் முகம் உடனே மலரும். நல்ல கடற்கரை, சின்ன வயதில் கோடை விடுமுறைக்கு அங்கேதான் போவோம், ரயிலில் ஏறினால் ஒரு மணித்தியாலம்கூட இல்லையே என்பார்கள். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் அதே பெயரில் பழைய ஊர் ஒன்று இருப்பதும், ரொறன்ரோவில் நாங்கள் குடியிருக்கும் ஸ்காபறோ அதனிடம் பெயரை வாங்கிக்கொண்டதும் அறுபது வயதில்தான் எனக்குத் தெரியவந்தது. ரொறன்ரோவையே முன்னொரு காலத்தில் யோர்க் என்றுதான் அழைத்தார்களாம். முதல் வாரம் கேட்டவர்களுக்கெல்லாம் நான் விளக்கம் சொன்னேன். கனடா என்றேன், வாவிக்கரை என்றேன், பனி என்றேன். அதற்குப் பிறகு அலுத்துவிட்டது. ஓம், நல்ல கடற்கரை என்று சொல்லிவிட்டு என் பாட்டில் நடந்தேன்.

என்னை யோர்க்குக்குக் கொண்டுபோனவர் என் கணவர் சிவநேசன். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் பிறம்ரனில் ஒரு பெரிய சாமான் கிடங்கில் முதலில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டி, பிறகு லொறிகளுக்கு நேரம் பிரித்துக்கொடுத்து, போன வருடம் ஓய்வு பெற்றவர். கூட வேலை செய்தவர்கள் ஓய்வு பெற்றதும் கியூபாவுக்குப் போனார்கள், தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போனார்கள். இவர் யோர்க் என்றார். ஒரு கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று நான் சொன்னதற்கு, பார்க்கிறதில்லை, இருக்கவேணும் என்றார். வீடெடுத்து, சந்தைக்குப் போய், சமைத்துச் சாப்பிட்டு, மூன்று மாதம்.

காரணம் எனக்குத் தெரியும். இளவயதில் அந்த நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்க இவருக்கு இடம் கிடைத்திருந்தது. குளிருக்கென்று ஒரு கம்பளிக் கோட்டுகூடத் தைத்தாயிற்று. அந்த வருடம் கலவரம் வந்தது. கொழும்பில் தகப்பனின் கடையை எரித்தார்கள். படிப்புக்குப் போவதாக இருந்தவர் கொஞ்சக் காலத்தில் களவாக ஆள் அனுப்பும் ஓர் ஏஜென்சிக்காரனுடன் புறப்பட்டு, எங்கெங்கோ நின்று, கடைசியில் ரொறன்ரோவில் போய் இறங்கினார். இதை எனக்குச் சொன்னது இவருடைய தங்கச்சி. இவர் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. அதனால்தான் யோர்க் என்றபோது நான் மறுக்கவில்லை.

நாங்கள் எடுத்த வீடு நகரத்தின் பழைய மதிலுக்குக் கிட்ட, ஒரே மாதிரியான செங்கல் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் ஒரு தெருவில் இருந்தது. மாடிப்படி ஏணியைப்போலச் செங்குத்து. கைகழுவும் இடத்தில் சுடுதண்ணீருக்கு ஒரு குழாய், பச்சைத்தண்ணீருக்கு ஒரு குழாய். ஒன்று கையைப் பொசுக்கும், மற்றது விறைக்கவைக்கும். துவைத்த உடுப்பு இரண்டு நாளாகியும் ஈரம் விடாது. எந்தக் குப்பை எந்தத் தொட்டிக்குள், எந்தக் கிழமை எது வாசலுக்கு வரவேண்டும் என்பது தனிப்படிப்பு. அந்த ஊரில் தெருக்களுக்குக் கேற் என்று பெயர். உண்மையான கேற்றுகளுக்கு, மதிலில் இருக்கும் பெரிய கோட்டை வாசல்களுக்கு, பார் என்று பெயர். வந்த மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இவர் பாருக்குப் போயிட்டு வாறன் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பதறிப்போய், ஸ்காபறோவில் மில்லிக்கன் பக்கத்து எங்கள் வீட்டிலிருக்கும் மகள் தர்ஷினிக்குப் போன் எடுத்தேன். அவள் சிரித்துவிட்டு, “அம்மா, சில் பண்ணுங்கோ. அப்பாவுக்கு பார் எண்டா சொக்லேற் பார் மட்டும்தான் தெரியும்” என்றாள்.

சிரிப்பு வந்தாலும் எனக்குள் ஒரு களைப்பு இறங்கத் தொடங்கியிருந்தது. கலியாணம் செய்ய ரொறன்ரோவுக்குப் போனபோது இவர் சென் ஜேம்ஸ் ரவுணில் மிக உயரமான ஒரு மாடியில் வாடகைக்கு இருந்தார். அங்கே முதல் மாதம் முழுக்க நான் படித்தது லிஃப்ற் பொத்தான்களை, குப்பை போடும் துவாரத்தை, நிலக்கீழ் அறையில் உடுப்புத் துவைக்கும் மெஷினை, தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்காரில் இறங்கும்போது இழுக்கும் கயிற்றை. பக்கத்து வீட்டுப் பெண் ஹாய், ஹவ் ஆர் யூ என்று கேட்டால் நின்று பதில் சொல்வேன். பதிலை முடிப்பதற்குள் அவள் கதவைச் சாத்தியிருப்பாள். பிறகு ஸ்காபறோவில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. அங்கே எல்லாவற்றையும் மறுபடி படித்தேன். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் நினைக்கக்கூடும், ஊர் சுற்றிப் பார்ப்பதில் என்ன களைப்பு என்று. ஒரு நகரத்துக்குப் புது ஆளாக இருப்பது ஒரு வேலை. அந்த வேலையில் இருந்துதான் நான் ஓய்வு பெற விரும்பினேன்.

இவருக்கோ அலுப்பே இல்லை. காலையில் மதிலில் ஏறினால் வெயில் என்ன, தூறல் என்ன, ஒரு முழுச் சுற்று வந்துதான் இறங்குவார். ரோமர் கட்டிய கல் எது, அதற்கு மேல் வந்தவர்கள் அடுக்கிய கல் எது என்று ஒவ்வொரு பலகையையும் நின்று வாசிப்பார். ஊஸ் ஆறு பெருகிப் படித்துறைகளை மூடிய கிழமை தினமும் போய், நேற்றைக்கு எந்தப் படி, இன்றைக்கு எந்தப் படி என்று பார்த்தார். பெரிய தேவாலயத்துக்குள் கழுத்தை நிமிர்த்திக் கண்ணாடி யன்னல்களைப் பார்த்தபடி வெகுநேரம் நிற்பார். கால் கடுத்து நான் ஒரு வாங்கில் உட்கார்ந்துவிடுவேன். எங்கள் பஸ் பல்கலைக்கழகத்துப் பக்கமாகத்தான் போய்வரும். புல்வெளியும் வாத்துகள் நீந்தும் குளமும் தெரியும்போது இவர் மற்றப் பக்கத்து யன்னலைப் பார்ப்பார். நான் அதைக் கவனித்தேன். கேட்கவில்லை.

பக்கத்து வீட்டில் டொறீன் இருந்தாள். எங்களுக்கு வீடு தந்தவளும் அவள்தான். எழுபதைத் தாண்டிய விதவை, அதே தெருவில் பிறந்தவள். எங்கள் இருவரையும் அந்தப் பக்கத்து வழக்கப்படி லவ், லவ் என்றுதான் கூப்பிடுவாள். முதல் தடவை இவர் காது சிவந்து நின்றார். ஒருநாள் பின்னேரம் ஐந்து மணிக்கு ரீக்கு வாருங்கள் என்றாள். ரீதானே என்று நாங்கள் வயிறு நிறையச் சோறு சாப்பிட்டுவிட்டு, நான் பொரித்த வடையும் கொண்டு போனோம். மேசையில் கோழியை மாவுக்குள் வைத்துச் சுட்ட பெரிய ‘பை’, அவித்த உருளைக்கிழங்கு, பட்டாணி, குழம்பு. அந்தப் பக்கத்தில் ரீ என்றால் இராச்சாப்பாடாம். மறுக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் சாப்பிட்டோம். அவளோ வடையைப் புடிங் என்று நினைத்து அதற்கு மேல் இனிப்புக் கஸ்ரட் ஊற்றினாள். ஒரு வாய் வைத்துவிட்டு, வித்தியாசமாக இருக்கிறது என்றாள். சாப்பிட்டு முடிந்ததும், இதுவரை எத்தனை வீட்டில் குடியிருந்திருக்கிறாய் என்று என்னைக் கேட்டாள். ஊரில் இடம்பெயர்ந்து தங்கிய வீடுகளையும் சேர்ப்பதா விடுவதா என்று தெரியவில்லை. பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டேன். தான் இரண்டு வீட்டில் இருந்ததாகவும் மற்றது எதிர்ப்பக்கம் என்றும் சொல்லி, யன்னலால் கையைக் காட்டினாள்.

மூன்றாம் மாதம் முடியப்போகிற நேரம். பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். டொறீன் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, கோடை முடியும்வரை நீங்கள் இருக்கப்போவது தனக்கு எவ்வளவு சந்தோசம் என்றாள். வழக்கம்போல ஏதோ விளங்காமல் பேசுகிறோம் என்று நினைத்துத் தலையாட்டினேன். போன கிழமை உன் மனிசன் வந்து கதைத்துவிட்டுப் போனாரே என்றாள். ஈரத் துவாய் கையில் இருந்தது. அதைக் கொடியில் போடாமல் வாளிக்குள்ளேயே போட்டுவிட்டு, கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.

தனியாக நான் நகரத்து மதிலில் ஏறியது அன்றைக்குத்தான். புல்சரிவு முழுக்க மஞ்சள் டாஃபடில் பூத்து வாடத் தொடங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் இவர் மூச்சிரைக்க வந்தார். டொறீன் சொல்லியிருக்கவேண்டும். நான் உட்கார்ந்திருந்த கல்லில் பக்கத்தில் உட்கார்ந்தார். நான்தான் முதலில் பேசினேன்.

“எனக்குச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீர் வேண்டாம் எண்டுவீர்.”

“ரொறன்ரோவுக்கு நீங்கள் கூப்பிட்டுத்தான் வந்தன். இஞ்சையும் நீங்கள் கூப்பிட்டுத்தான் வந்தன். இன்னொருக்காப் புதுசா வந்த ஆளா இருக்க எனக்குச் சக்தியில்லை.”

ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக எங்களைக் கடந்து போனார்கள். அவர்கள் போய் முடிந்த பிறகு இவர், “இதுதான் நான் விரும்பி வந்த இடம்,” என்றார். “மற்ற இடத்துக்கெல்லாம் ஆக்கள் கலைச்சுத்தான் வந்தனான். இஞ்ச ஒருத்தரும் என்னை என்னத்துக்கு வந்தனீ எண்டு கேக்கேல்ல.”

அதைக் கேட்டபோது கோபம் கொஞ்சம் இறங்கியது. களைப்பு இறங்கவில்லை. ஊரெல்லாம் சுற்றினோமே, அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் ஏன் போகவில்லை என்று கேட்டேன். இவர் கையுறையைக் கழற்றிவிட்டு மதிலின் கல்லைத் தடவிக்கொண்டிருந்தார்.

நான் முதலில் குறித்த திகதியில் போகிறேன், நீங்கள் இருந்துவிட்டு வாருங்கோ என்றேன். இவர் இல்லாமல் நான் விமானம் ஏறியதில்லை, கலியாணத்துக்கு வந்த அந்த ஒருமுறையைத் தவிர. அன்று ஒருவர் விமான நிலையத்தில் காத்திருந்தார். இந்த முறை ஒருவர் பின்னால் நின்றார். ஸ்ரேசனில் பெட்டியை ஏற்றிவிட்டு, பருப்புக்கு எவ்வளவு தண்ணீர் விடுகிறது என்று யன்னலுக்குக் கிட்ட வந்து கேட்டார். விரல் மூட்டளவு என்று கையால் காட்டினேன். ரயில் வெளிக்கிட்டது. முப்பது வருடச் சீவியத்தில் நாங்கள் பிரிந்தது இதுதான் முதல் தடவை, அதுவும் சண்டை பிடித்தல்ல. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மில்லிக்கனில் எங்கள் வீட்டுக் கதவு திறந்ததும் ஆறுதல் வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது, இரண்டு நாளைக்கு. எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றலாம். ஆனால் நடந்து போகிற தூரத்தில் பார்க்க ஒன்றுமில்லை. பிளாசாக் கடைகளும் கார்த் தரிப்பிடமும்தான். ஒரு நாள் காரை விட்டுவிட்டு ஸ்ரீல்ஸ் தெருவோரம் நடந்தேன். தெரிந்த ஓர் அன்ரி காரை நிறுத்தி, ஏன் பிள்ளை, கார் பழுதோ, எங்கை விடவேணும் என்று கேட்டார். சும்மா நடக்கிறன் என்றேன். அவர் நம்பவில்லை. ஏறிக்கொண்டேன்.

இவர் ஒவ்வொரு நாளும் போன் எடுத்தார். அங்கே பின்னேரம், இங்கே காலை. தடிமன் பிடித்தபோது டொறீன் சூப் கொண்டுவந்ததையும் பருப்பு அடிப்பிடித்ததையும் சொல்வார். ஒருநாள் குரல் வேறுமாதிரி இருந்தது. பல்கலைக்கழகத்துக்குப் போனேன் என்றார். குளக்கரையில் உட்கார்ந்திருந்தாராம். புதிதாகச் சேரவிருக்கும் பிள்ளைகளுக்கு இடத்தைக் காட்டும் நாளாம் அது. கையில் பலகை பிடித்த ஒரு பெட்டை வந்து, நீங்கள் பிள்ளையோடு வந்த தகப்பனா என்று கேட்டாளாம்.

“நீங்கள் என்ன சொன்னியள்?”

“ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.”

அவள் மற்றப் பெற்றோர்களோடு இவரையும் சேர்த்துக் கூட்டிப்போய் நூலகம், விரிவுரை மண்டபம், பிள்ளைகள் தங்கும் அறை எல்லாவற்றையும் காட்டினாளாம். அந்த அறையில் கட்டிலுக்குப் பக்கத்து யன்னலால் குளம் தெரியுமாம். ஒரு தாய், உங்கள் மகன் என்ன படிக்கப்போகிறார் என்று கேட்டதற்கு, பொருளியல் என்றாராம். பிறகு, அந்த அறை நல்ல சின்ன அறை, கோட்டுத் தொங்கவிடக் கொளுக்கியும் இருந்தது என்றார். சாப்பிட்டியளோ என்று மட்டும் கேட்டேன்.

சொன்ன காலம் முடியுமுன்பே கோடை நடுவில் இவர் வந்துவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. மெலிந்திருந்தார். மதில் பற்றிப் பேசுவது குறைந்துவிட்டது. தர்ஷினி அப்பா, ஹவ் வாஸ் இற் என்று கேட்டபோது, நல்ல ஊர், உம்மட அம்மாதான் இல்லை என்றார். இப்போது பின்னேரங்களில் இருவரும் நடக்கப் போகிறோம். எங்களுக்கென்று யாராவது காரை நிறுத்தினால், வேண்டாம் என்று கையைக் காட்டுகிறோம்.

நேற்று முதல் பனி தூவியிருந்தது. ஸ்ரீல்ஸ் சந்தியில் வீதியைக் கடக்க இறங்கினோம். ஊரிலும் இங்கிலாந்திலும் வாகனம் முதலில் வலப்பக்கத்தால் வரும், இங்கே இடப்பக்கத்தால். நான் இடப்பக்கம் பார்த்தேன். இவர் வலப்பக்கம் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் மற்றவரின் கையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தோம். கடக்கலாம் என்று காட்டும் வெள்ளை வெளிச்சம் விழுந்து அணைந்தது. பின்னால் நின்றவர்கள் எங்களைச் சுற்றிக் கடந்து போனார்கள். ஒருவர் கையை ஒருவர் விடாமல், எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல், நாங்கள் அடுத்த வெளிச்சத்துக்காக நின்றோம்.