கலர் விளக்குக்காக என்னை மாட்டிவிட்டவன்

கேம் விளையாட மலிவான கம்ப்யூட்டர் கேட்ட பூலாம்பாடி நண்பனுக்கு, ஒரு வாரம் அலசி, வாங்க வேண்டிய பாகங்களை எழுதிக் கொடுத்தேன். "எதக் குறைச்சாலும் உள்ள கரண்ட் குடுக்குற பவர் சப்ளைல மட்டும் கை வச்சிடாதடா" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

இரண்டே மாதத்தில் கருகிய வாடையோடு கம்ப்யூட்டர் நின்றுபோனது. ஓடிப்போய்க் கழற்றினால், உள்ளே பெயர்கூட இல்லாத மட்டமான பவர் சப்ளை. அதில் மிச்சம் பிடித்து, கலர் விளக்கு எரியும் கேபினட் பெட்டி வாங்கியிருக்கிறான்!

அவன் அம்மா, "வெவரம் தெரிஞ்ச புள்ளன்னு நம்புனோமேப்பா, இப்படிப் பாத்துக் குடுத்துட்டியே" என்றார். அவன் உண்மையைச் சொல்வான் என்று காத்திருந்தேன். தலைகுனிந்து செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான். அவனைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது யார் கேட்டாலும், பட்டியலை வீட்டாருக்கு எதிரில் வாசித்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். அவனுக்கு மட்டும் இனி ஒரு மவுஸ்கூடப் பார்த்துத் தர மாட்டேன்.

– அரியலூர் வாசகர்