கைத்தடியை வாசலில் விட்டேன்

எனக்குப் போலியோ கால். மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கான மருத்துவப் பரிசோதனைக்கு வேப்பந்தட்டையிலிருந்து பெரம்பலூர் போனேன். சான்றிதழ் தரமாட்டார்களோ என்று மூன்று நாளாகப் பயம். அறை வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். நான் பதற்றத்தில் கைத்தடியையும் செருப்போடு வைத்துவிட்டு, தொடையைக் கையால் அழுத்திக்கொண்டு நாலு எட்டு நடந்து நாற்காலியில் விழுந்தேன்.

"நல்லாத்தான நடக்குறீங்க, எதுக்கும்மா வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, தகுதியில்லை என்று எழுதப்போனார் டாக்டர்.

பயம் போய் ஆத்திரம் வந்தது. "மரியாதைக்குத்தான் சார் தடிய வெளிய வெச்சேன். இனி ஒரு எட்டு வெக்க முடியாது. நீங்களே போய் எடுத்துத் தாங்க" என்றேன்.

அவர் பேனாவை மூடிவிட்டு, அப்போதுதான் என் காலைப் பார்த்தார். சான்றிதழ் கிடைத்தது.

இப்போது எந்த ஆபீசுக்குப் போனாலும் செருப்பு மட்டும்தான் வாசலில். தடியை அவர்கள் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிக்கிறேன்.