குப்பைக்குப் போன குளவிப் பெட்டி

1. சுத்தம்

அந்தத் திங்கட்கிழமை லேபுக்குள் நுழைந்ததுமே பினாயில் நெடி மூக்கில் ஏறியது. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் நான் விலங்கியல் பேராசிரியையாக இருந்தேன். அந்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வருகிறது என்று சுவருக்குப் புது பெயின்ட், ஜன்னலுக்குப் புதுத் திரை. ஜன்னலோர அலமாரி துடைத்துவிட்டாற்போல் இருந்தது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் பூ ஜாடி.

அந்த அலமாரியில்தான் எங்கள் குளவிப் பெட்டி இருந்தது.

எங்கள் என்றால் நானும் மெர்சியும். மெர்சி அதே துறையில் உதவிப் பேராசிரியை, ஊரப்பாக்கத்துக்காரி. அவள் வீட்டுத் தெருவில் இருந்த காலி மனையில் எருக்கு மண்டிக் கிடந்தது. எருக்கங்காய்க்குள் ஒரு வகைப் பழ ஈயின் புழுக்கள் வளரும். மெர்சி அந்தக் காய்களைப் பறித்து டப்பாவில் போட்டு வளர்த்தபோது, சில புழுக்களிலிருந்து ஈக்குப் பதிலாக எள்ளைவிடச் சற்றே பெரிய செம்பழுப்புக் குளவி வந்தது. தாய்க் குளவி, தன் உடம்பைவிட நீளமான ஊசியைக் காய்த்தோல் வழியாக இறக்கி, உள்ளே இருக்கும் புழுவின் உடம்பில் முட்டை வைக்கும். குஞ்சு அந்தப் புழுவைத் தின்றே வளரும். ஒட்டுண்ணிக் குளவி என்பது இதைத்தான்.

ஒரு பூச்சியைப் புதிய இனம் என்று சொல்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. இறக்கை நரம்பு, ஆன்டெனாவின் கணுக்கள், ஊசியின் நீளம் என ஒவ்வொன்றையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, ஏற்கெனவே பெயர் பெற்ற நெருங்கிய இனங்கள் எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டும். பிறகு ஒரே ஒரு ஸ்பெசிமனை ஹோலோடைப் என்று தேர்ந்தெடுத்துச் சிவப்பு லேபிள் மாட்டி, அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும். நாளை உலகத்தில் எவருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த ஒன்றைத்தான் வந்து பார்ப்பார்கள். எங்கள் பேப்பரை ஜர்னல் ஏற்றுக்கொண்டிருந்தது. பெட்டியில் இருந்த அந்த ஹோலோடைப்பை ஒப்படைப்பதுதான் பாக்கி.

நேராக நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போனேன்.

"அதுல எல்லாம் செத்த பூச்சிதானே மேடம் இருந்துச்சு?" என்றார்.

"அதுக்குப் பேரு ஸ்பெசிமன் சார். எங்க இப்போ?"

"சனிக்கிழமையே குப்பை லாரியில போயிடுச்சே. கமிட்டி வந்து பார்த்தா, லேப்ல பூச்சி இருக்குன்னு ரிப்போர்ட்ல எழுதிடுவாங்க மேடம்."

விலங்கியல் லேபில் பூச்சி இருக்கிறது என்று எழுதிவிடுவார்களாம்! வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியாததால் வெளியே வந்துவிட்டேன்.

மெர்சி வராந்தாவில் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. ஆனால் பையை ஏற்கெனவே தோளில் மாட்டியிருந்தாள். "செடியில இன்னும் காய் இருக்கு மேடம். கிளம்புங்க."

2. எருக்கு

ஊரப்பாக்கத்தில் ரயிலைவிட்டு இறங்கி அந்த மனைக்குப் போனால், அங்கே ஜேசிபி நின்றிருந்தது. பாதி மனையை வழித்தாகிவிட்டது. வேரோடு பெயர்ந்த எருக்குகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன.

"ஓரமா போம்மா, வண்டி ரிவர்ஸ்ல வர்து!" என்று கத்தினார் டிரைவர்.

மெர்சி வண்டிக்கு எதிரே போய் நின்றுகொண்டாள். "அண்ணா, கொஞ்ச நேரம் நிறுத்துங்க. இந்தக் காய் எங்களுக்கு வேணும்."

"எருக்கங்காயா? இத வெச்சிகினு இன்னா பண்ணப் போற?"

"உள்ள ஒரு குளவி இருக்குண்ணா. இதுவரைக்கும் உலகத்துல யாரும் அதுக்குப் பேரு வைக்கல. நீங்க அள்ளிட்டா அவ்ளோதான்."

அவர் எங்களையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு பூச்சிக்கா இம்மாம் பேஜாரு? சர்தான். நான் போய் டீ குட்சிகினு வரேன். அதுக்குள்ள பறிச்சிக்கோ."

ஜேசிபி ஓட்டுகிறவருக்கு ஒரே வார்த்தையில் புரிந்தது. விலங்கியல் லேப் நடத்தும் கல்லூரிக்குப் புரியவில்லை. எருக்கம்பால் கையெல்லாம் பிசுபிசுக்க, எட்டிய காய்களை எல்லாம் பறித்தோம்.

இந்த முறை டப்பாக்கள் லேபுக்குப் போகவில்லை. குரோம்பேட்டையில் என் வீட்டுச் சமையலறை மேடையில் வரிசையாக வைத்தேன். அடியில் மணல், மேலே வலைத்துணி. நாளாக நாளாக ஈக்கள்தான் வந்தன. வலைத்துணியைத் தூக்கிப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பிளாஸ்டிக் பூ ஜாடி நினைவுக்கு வந்து ரத்தம் கொதித்தது. கடைசியில் ஒரு காலை, பால் காய்ச்சப் போனபோது, வலைத்துணியில் நீண்ட ஊசியோடு ஒரு பெண் குளவி உட்கார்ந்திருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு மெர்சிக்கு போன் போட்டேன். அவள் போனிலேயே அழுதாள்.

புது ஸ்பெசிமன் என்றால் அளவுகளும் படங்களும் முதலிலிருந்து. செய்த வேலையையே மறுபடி செய்தோம்.

3. பெயர்

அளவெடுத்துக்கொண்டிருந்த ஒரு மதியம் நிர்வாக அதிகாரி லேபுக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"மேடம், புதுப் பூச்சிக்கு நீங்களே பேரு வைக்கலாமாமே. நம்ம கரஸ்பாண்டன்ட் ஐயாவுக்கு அறுபதாம் கல்யாணம் வருது. அவர் பேரை வெச்சுட்டா காலேஜுக்கே பெருமை."

தூக்கிப் போட்டவரே பெயர் சூட்ட வந்து நிற்கிறார். நான் எழுந்தேன்.

"சார், இது இன்னொரு உயிரோட உடம்புக்குள்ள பூந்து, உள்ளேயிருந்தே அதைத் தின்னு தீர்க்கிற பூச்சி. ஐயா பேரு இதுக்குப் பொருத்தமா இருக்கும்னு சொல்றீங்களா? நீங்க சொன்னீங்கன்னே அவர்கிட்ட போய்ச் சொல்றேன்."

மெர்சி மைக்ரோஸ்கோப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவர் வந்த வழியே போனார்.

எருக்கின் பெயரையே லத்தீனில் வைத்தோம். முதல் ஆசிரியர் மெர்சி. ஹோலோடைப்பை யார் கையிலும் கொடுத்தனுப்பவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் போய், அருங்காட்சியகத்தில் நாங்களே ஒப்படைத்தோம்.

பேப்பர் வெளிவந்ததும் கல்லூரி வாசலில் ஜிஎஸ்டி ரோட்டைப் பார்த்து ஃப்ளெக்ஸ் பேனர் வைத்தார்கள். கரஸ்பாண்டன்ட், பிரின்சிபால், நிர்வாக அதிகாரி மூவரும் கைகூப்பியபடி. நடுவில் ஓட்டு வீட்டில் கூடு கட்டும் மஞ்சள் வரிக் குளவி, கோழிக்குஞ்சு அளவுக்கு.

"இது எங்க குளவியே இல்லையே சார்?" என்று நிர்வாக அதிகாரியிடம் கேட்டேன்.

"உங்களோடது ரொம்பச் சின்னதா இருக்கு மேடம். எடுப்பா தெரியல."

"மெர்சி பேரு?"

"இடம் பத்தல."

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அந்த மனையில் இப்போது அடுக்குமாடி. எருக்கு எங்கோ வேறு மனையில் முளைக்கும்; அந்தக் குளவி அதைத் தேடிப் போயிருந்தால் நல்லது. மெர்சி ஸ்பெசிமன்களுக்குப் பூட்டுப் போட்ட அலமாரி ஒன்று கேட்டிருக்கிறாள். பரிசீலனையில் இருக்கிறதாம்.

இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. வேலையில் சேர்ந்த முதல் நாளே பூட்டும் சாவியும் கேளுங்கள். நாங்கள் மரியாதையாகக் கேட்டுப் பார்த்துவிட்டோம். நீங்கள் சத்தம் போட்டே கேளுங்கள்.