திரையில் என் கை

எரிமலைக் குழம்பு எப்படிப் பரவி, எப்படி ஆறுகிறது என்று கணக்கிடும் கம்ப்யூட்டர் புரோகிராமை நானும் என் கல்லூரித் தோழன் சேகரும் சேர்ந்து எழுதினோம். ராமநாதபுரத்தில் எரிமலைக்கு எங்கே போவது? கடலாடியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கருப்பட்டிப் பாகு காய்ச்சி, சாய்த்துவைத்த தகரத்தில் பலமுறை ஊற்றிப் பார்த்தோம். என் புறங்கை வெந்து தழும்பானது. சேகர் வீடியோ எடுத்தான்.

கருத்தரங்கில் இருவர் பெயரையும் சொல்வதாகச் சொல்லியிருந்தான். மேடையில் அவன் மட்டும் நின்றான். திரையில் தழும்போடு என் கை. "பாகு ஊற்றுவது, உதவிக்கு வந்த உள்ளூர்ப் பெண்" என்றான்.

பார்வையாளர் ஒருவர் கேட்டார்: "மேல்பரப்பு இறுகின பிறகும் குழம்பு எப்படி ஓடுது?"

சேகர் திணறினான். அவன் கண்கள் என்னைத் தேடின. சட்டென்று எழுந்தேன். "மேல படியிற ஏடு சூட்டை வெளியே விடாது. அதனால உள்ள இளகியே இருக்கும்."

கைதட்டல் அவனுக்குக் கிடைத்தது.

வெளியே வந்ததும், "ஏ புள்ள, கோவிச்சுக்கிறாத. நல்லவேளை, காப்பாத்திட்ட" என்று சிரித்தான்.

அவன் செய்த துரோகத்தைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். அவன் திணறியதும் பதறி எழுந்தேனே, அதை நினைத்தால்தான் இன்றும் என்மேலேயே ஆத்திரம் வருகிறது.