அக்கா ஒப்புக்கொள்ளாத தங்கை

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், பொன்னேரிச் சந்தையிலிருந்து வந்திருக்கும் அக்காவின் தோழியருக்கும் வணக்கம். அக்கா எங்களைவிட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை என்று உங்களில் சிலர் என் காதுபடவே சொன்னீர்கள். நான் திருநங்கை. நான் ஒரு பெண் என்பதை அக்கா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய மகள் மேகலா என்னை எழுதச் சொன்னபோது, இதை மறைக்காமல் எழுதலாம் என்றால் எழுதுகிறேன் என்றேன். "மறைச்சீங்கன்னா அம்மாவே ஒத்துக்க மாட்டாங்க" என்றாள்.

அக்கா பழவேற்காட்டு ஏரித் தீவான பசியாவரத்தில் பிறந்தார். எங்கள் அப்பாவை நைனா என்போம், ஏரியில் இறாலுக்கு வலை போடுபவர். அக்கா வயதுக்கு வந்த வருடமே அம்மா காய்ச்சலில் போய்விட்டார். சடங்குப் பந்தலைப் பிரித்த கையோடு அக்காவின் பள்ளிக்கூடமும் நின்றது. சோறு வடிப்பதும் நைனாவுக்குக் கட்டிக் கொடுப்பதும் அவர் வேலையாயிற்று. ஆண்பிள்ளை என்று என்னைச் சொன்னதால் நான் படகேறிப் பழவேற்காட்டுக்குப் போய்ப் படித்தேன். குழம்பில் நடுத்துண்டு எனக்கு வந்தது. வாலும் தலையும் அக்காவுக்கு. இதை அவர் பிற்பாடு பலமுறை என் முகத்தில் எறிந்தார். "ஆம்பளப் புள்ளயா இருந்து எல்லாத்தயும் வாங்கிக்கினு, இப்ப பொம்பளன்னு வந்து நிக்கற" என்பார். நான் அதை வாங்கிக்கொண்ட காலத்தில் எனக்குள் என்ன நடந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கரையோரக் குப்பம் ஒன்றில் அவரைக் கட்டிக்கொடுத்தார்கள். முதல் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தார். மழைக்காலம். வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, எதிர்க்காற்றில் படகு நடு ஏரியில் நின்றுபோனது. பிள்ளை படகிலேயே செத்துப் பிறந்தது. அடுத்துப் பிறந்தவள்தான் மேகலா. அவள் தவழும்போது அவள் அப்பா கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. அக்கா மீன்கூடையை எடுத்துக்கொண்டு பொன்னேரிக்கு முதல் பஸ் ஏறினார். யாரிடமும் கை நீட்டவில்லை. அழுகிய மீனை நல்ல மீனோடு கலந்து விற்றதில்லை. பொய் சொல்லத் தெரியாது. தெரிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அப்போது சந்தையில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. விடிவதற்குள் வீட்டில் போய்விட்டு வந்தால் மறுபடி சாயங்காலம் வீட்டில்தான். அதற்குப் பயந்து நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல் மீன் விற்றார்கள். மாதவிலக்கு நாட்களில் லாரிகளுக்கு நடுவே ஒதுங்கினார்கள். அங்கேயும் எட்டிப் பார்க்க ஆள் இருந்தது. அக்கா பெண்களைத் திரட்டிக்கொண்டுபோய் சந்தை ஆபீஸ் வாசலில் மீன்கூடைகளோடு உட்கார்ந்தார். விரட்ட விரட்டப் போய் உட்கார்ந்தார். கடைசியில் பெண்களுக்கென்று ஒரு கொட்டகையும், உள்தாழ்ப்பாள் போட்ட கழிப்பறையும் வந்தன. சாவி அக்காவின் முந்தானையில்.

பன்னிரண்டாவது முடித்து ஊரைவிட்டுப் போன நான், அறுவை சிகிச்சை முடித்துப் புடவையோடு திரும்பி வந்தேன். பிழைக்க வேறு வழி தெரியாமல் மீன் எடுத்துக்கொண்டு பொன்னேரிக்குப் போய்ப் பெண்கள் கொட்டகையில் உட்கார்ந்தேன். அக்கா எழுந்து வந்தார்.

"இங்க இன்னாடா பண்ற?"

"மீன் விக்கறேன்."

"ஆம்பளைங்க பக்கம் போய் வில்லு."

"அங்க போனா எனக்கு இன்னா நடக்கும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அத்த பண்றவனுங்கள போய்க் கேளு. எங்கள ஏன் நெருக்கற? உக்கார எடமில்லாம ரத்தத்தோட நின்னவளுங்க வாங்கன எடம் இது."

"நானும் பொம்பளதான்க்கா."

"புடவ கட்டிக்கோ, பேர மாத்திக்கோ, நான் ஒண்ணும் சொல்லல. பொம்பளன்றது உடம்புடா. அத்த நான் போட்டுக்கல, கழட்டி வெக்கவும் முடியல. நாளைக்கு எவனோ ஒருத்தன் உன்ன மாதிரியே புடவ கட்டிக்கினு உள்ள வருவான். அவன நான் எப்படிக் கண்டுபுடிப்பேன்?"

"என்னப் பாத்தா அவன மாதிரியா தெரியுது?"

"உன்ன எனக்குத் தெரியும். உனக்கு மட்டும்னு கதவத் தெறக்க முடியுமா?"

"அப்ப நான் எங்க போறது?"

"எனக்குத் தெரியாது."

அந்த 'தெரியாது' மட்டும் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. தெரியாத ஒருவர் கதவை மட்டும் எப்படி அத்தனை நிச்சயமாகச் சாத்த முடியும்? பெண் என்பது உடம்பு மட்டும்தான் என்றால், பிள்ளை பெறாதவளையும் விலக்கு நின்றவளையும் எந்தப் பக்கம் உட்காரவைப்பது என்று கேட்டேன். அவர்கள் அந்த உடம்பிலேயே பிறந்தவர்கள், நீ இல்லை என்றார். மீன் விற்கும் பெண்களின் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் இரண்டாகப் பிரிந்து கத்தினார்கள். என் பக்கம் பேசியவர்களும் இருந்தார்கள். கை தூக்கச் சொன்னபோது அக்காவின் பக்கம் ஜெயித்தது. நான் கொட்டகைக்கு வெளியே, வெயிலில் தார்ப்பாய் விரித்தேன். அக்காவின் நெருங்கிய தோழி மல்லிகா தன் மீன் அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்காக அக்கா அவரோடு பல மாதம் பேசவில்லை.

ஆண்கள் கழிப்பறையில் ஒருநாள் என்னைப் பிடித்துப் புடவையை உருவினார்கள். உதடு கிழிந்து வெளியே வந்தேன். அக்கா பார்த்தார். மீன் வெட்டும் கத்தியோடு எழுந்து அந்தப் பக்கம் போனார். "என் தம்பி மேல கை வெச்சவன் எவன்டா?" என்று அவர் கேட்டது சந்தை முழுக்கக் கேட்டது. போலீசுக்கு என்னை இழுத்துப்போய்ப் புகாரும் எழுதவைத்தார். அடித்தவர்கள் அதற்குப் பிறகு என் பக்கம் வரவில்லை. ஆனால் ஸ்டேஷனிலிருந்து திரும்பியதும் அக்கா கத்தியைக் கழுவிவிட்டு வியாபாரத்தில் உட்கார்ந்துவிட்டார். சாவியைத் தரவில்லை. எனக்கு உதடு வலித்ததைவிட அந்தத் 'தம்பி' வலித்தது.

பிறகு அக்காவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. கர்ப்பப்பையில் புற்றுநோய் என்றார்கள். சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மேகலாவுக்குக் கைக்குழந்தை, பகலில் துணைக்கு நான்தான் போனேன். பெண்கள் வார்டு. நர்ஸ் அக்காவைக் கேட்டார், "இவங்க யாரு உங்களுக்கு?"

தண்ணீர் எடுத்துக் கொடுக்கப் பக்கத்தில் வேறு ஆள் கிடையாது என்று அக்காவுக்குத் தெரியும். ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் போதும்.

"என் தம்பி" என்றார்.

"தம்பின்னா உள்ள இருக்கக் கூடாதும்மா" என்றார் நர்ஸ். நான் வராந்தாவில் உட்கார்ந்தேன். உள்ளே அக்கா தண்ணீருக்காகக் கூப்பிட்டது கேட்டது. பக்கத்துக் கட்டில்காரம்மா கொடுத்தார்.

கர்ப்பப்பையை எடுத்தார்கள். பார்வையாளர் நேரத்தில் உள்ளே போனேன். கோபம் எனக்கு அடங்கியிருக்கவில்லை.

"இப்பச் சொல்லு. எல்லாத்தயும் எடுத்துட்டாங்க. இப்ப நீ இன்னா?"

அக்கா கோபப்படவில்லை. "அது இருந்த எடத்துல வலிக்குது. அதான் நான்" என்றார். பிறகு, "உனக்கு எங்கடா வலிக்குது?"

"நீ 'டா'ன்றப்ப."

என்னையே பார்த்தார். "அது வேற வலி" என்றார். எங்கள் இருவருக்கும் இடையே நடந்த கடைசிப் பேச்சு அது. அவர் சொன்னதும் பொய்யில்லை, நான் சொன்னதும் பொய்யில்லை. இருவரும் இறங்கி வரவில்லை.

அறுவை சிகிச்சைக்குப் பிறகும் நோய் பரவி, ஒரு காலைப்பொழுதில் வீட்டில் அக்கா காலமானார்.

பிறந்த வீட்டிலிருந்து கோடிப்புடவை கொண்டுவந்து போர்த்துவது நம் வழக்கம். நைனாவும் போய்விட்டதால் பிறந்த வீட்டில் மிச்சம் நான் ஒருத்திதான். புடவையோடு போய் நின்றேன். பங்காளிப் பெரியப்பா ஒரு வேட்டியை என் முன்னால் நீட்டினார். "இத்த கட்டிக்கினு தம்பியா வந்து போடு. இல்லன்னா போடக் கூடாதுன்னு உங்கக்காவே சொல்லிட்டுப் போயிருக்குது." ரெண்டுங்கெட்டது கை பட்டால் பிணம் தீட்டு என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பும் கேட்டது. நான் வேட்டியைத் தொடவில்லை.

மேகலா எழுந்து வந்தாள். "அம்மா சொன்னத நான் மீற மாட்டேன். ஆனா கோடி உங்களோடதுதான். குடுங்க, நான் போடறேன்" என்றாள். அவள் போர்த்தியதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன்.

அக்காவைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மேகலாவுக்கும், தண்ணீர் கொடுத்த அந்தக் கட்டில்காரம்மாவுக்கும், வெயிலில் என்னோடு உட்கார்ந்தும் கடைசி நாட்களில் அக்காவுக்குக் கஞ்சி ஊட்டியும் இருவருக்கும் தோழியாக இருந்த மல்லிகாவுக்கும், அடக்கத்துக்கு வந்த சந்தைப் பெண்கள் எல்லோருக்கும் நன்றி. வேட்டியை நீட்டியவர்களுக்கும் சிரித்தவர்களுக்கும் என்னிடம் நன்றி இல்லை. அக்காவும் என்னை மறுத்தார். தான் பட்ட பாட்டை வைத்து மறுத்தார், என் முகத்தைப் பார்த்து மறுத்தார், என்னை அடித்தவனை வெட்டவும் போனார். நீங்கள் அக்கா பெயரைச் சொல்லிக்கொண்டு வேடிக்கை பார்த்தீர்கள்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் மேகலா போன் செய்தாள். கட்டுரைக்குக் கீழே 'தம்பி' என்று போட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்கிறார்களாம். "உடன்பிறந்தவர்னு போட்டுடலாமா? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று கேட்டாள். நல்ல மனதோடுதான் கேட்டாள். அந்த 'ர்' மரியாதையான எழுத்து. ஆணா பெண்ணா என்று சொல்லாமலே ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் அக்கா எதையும் அப்படி ஒதுங்கிச் சொன்னவர் இல்லை. அவருடைய மலரில் நானும் அப்படிச் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உடன்பிறந்தவள்