ஒட்டி வைத்த பக்கம்

சின்னப் பிள்ளைகளுக்கு அடிமைகளைப் பற்றிய படப்புத்தகத்தைக் காட்டலாமா என்று என்னிடம் சிலர் கேட்கிறார்கள். பதில் சொல்லத் தகுந்த ஆள் நான் இல்லை. எட்டாவதோடு நின்றவள். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்து சாவி கொடுப்பது என் வேலை. வெளிநாட்டுக்காரர்கள் ஊர் திரும்பும்போது பெட்டி கனக்கிறது என்று புத்தகங்களை அலமாரியிலேயே விட்டுப் போவார்கள். அவற்றை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் எனக்கு இங்கிலீஷ் வந்தது. கண்டதைக் கற்கப் பண்டிதன் ஆவான் என்பார்கள். எனக்குப் பண்டிதம் வரவில்லை, வாய்தான் நீண்டது.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில். தெருக்கோடியில் பால் சொசைட்டி. காலைப் பால் வண்டியேறிய பிறகு சாயங்காலம் வரை அந்த அறை சும்மா கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை அங்கே உட்காரவைத்துப் படித்துக் காட்டுவேன். முந்தின நாளே அகராதியை வைத்துக்கொண்டு கதையைத் தமிழில் எழுதிக்கொள்வேன். அதைத் துண்டு துண்டாக வெட்டி, மைதாப் பசை காய்ச்சி, இங்கிலீஷ் எழுத்தின் மேல் ஒட்டிவிடுவேன். ஒட்டு போட்ட புத்தகம் என்று பிள்ளைகள் பேர் வைத்திருந்தார்கள்.

அந்தப் புத்தகமும் ஒரு அறையில் கிடைத்ததுதான். சாப்பாட்டுத் தட்டு அகலம். கறுப்பு மக்களைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி, கடல் தாண்டிக் கொண்டுபோய் விற்ற கதை. படங்கள் கண்ணை விட்டுப் போகாத மாதிரி இருந்தன. நடுவில் எதிரெதிராக இரண்டு பக்கம். இடது பக்கத்தில், கப்பலின் அடித்தட்டில் ஆட்களை விறகு அடுக்கின மாதிரி அடுக்கிப் படுக்க வைத்திருந்தார்கள். வலது பக்கத்தில் ஒருவன் சாட்டையோடு நின்றான். கேட்கப்போவது ஏழு எட்டு வயதுப் பிள்ளைகள். அதுகளுக்கு எதற்கு இது என்று அந்த இரண்டு பக்கத்தையும் முகத்தோடு முகம் வைத்து ஒட்டிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று அப்போது தோன்றவில்லை. நல்ல காரியம் செய்த நினைப்பில் இருந்தேன்.

பிள்ளைகளின் விரலுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. முதல் நாளே ஒருத்தி அந்தத் தாளைத் தடவிப் பார்த்து, "இது மட்டும் ஏன் தடியா இருக்குது, அத்தை?" என்றாள்.

"பசை ஜாஸ்தியாயிடுச்சு" என்றேன்.

அடுத்த வாரம் நான் போவதற்குள் புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நானும் பார்த்தேன். இரண்டு படமும் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிந்தன. படுத்திருந்தவர்களின் நெஞ்சு மேல் அவன் நின்றுகொண்டிருந்தான். தாள் காற்றில் ஆடியபோது அவனும் அசைந்தான்.

"உள்ள ஆளுங்க கீறாங்க" என்று ஒருவன் மெதுவாகச் சொன்னான். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் அவர்கள் அந்தப் பக்கத்தில் காது வைத்துக் கேட்க ஆரம்பித்தார்கள். மூச்சுச் சத்தம் வருகிறதாம். "கேன் கழுவத் தண்ணி ஏத்தற மோட்டார்டா அது" என்றேன். மோட்டார் நின்ற பிறகும் கேட்கிறது என்றார்கள்.

மூன்றாவது ஞாயிறு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் அறையில் சத்தமே இல்லை. இருபது பிள்ளைகளும் சிமெண்ட் தரையில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். தோளோடு தோள், தலையெல்லாம் ஒரே பக்கம், கண் மூடியிருந்தது. ஒரே ஒரு பெண் மட்டும் வரிசையோடு நடந்து ஒவ்வொருவரின் காலையும் நேராக்கிக்கொண்டிருந்தாள். "மடக்காத. நீ மடக்கினா இன்னொரு ஆளுக்கு எடம் போச்சு."

அவளுக்கு ஏழு வயதிருக்கும். மூன்று மாதம் முன்பு ஒரு பௌர்ணமியன்று வந்து பெரியம்மா வீட்டில் தங்கிவிட்டவள். பெரியம்மா கிரிவலப் பாதையில் எலுமிச்சம்பழச் சாறு விற்பவள், எங்களுக்கு மூன்று வீடு தள்ளி. அந்தப் பெண் என்னிடம் அதுவரை பத்து வார்த்தை பேசியிருப்பாள்.

"என்ன விளையாட்டு இது?" என்றேன்.

"ஒட்டின பக்கம்" என்றான் ஒருவன், கண்ணைத் திறக்காமல்.

எழுப்பி உட்காரவைத்து ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். அந்தப் பக்கத்துக்குள் என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்களோ அதை வரையுங்கள் என்றேன். வரைந்து தீர்த்துவிட்டால் பயம் கழியும் என்பது என் கணக்கு. முனி வந்தது, புலி வந்தது, ஒருவன் தன் கணக்கு டீச்சரையே வரைந்தான். அந்தப் பெண் ஒரு கொட்டகை வரைந்திருந்தாள். சுற்றிச் சவுக்கு மரங்கள். கொட்டகைக்குள் ஆட்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். கயிற்றுக்கட்டிலில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றுக்கும் பின்னால் நம் மலை.

"இது எங்க இருக்குது கண்ணு?"

"அம்மா இருக்கற எடம்."

"அம்மா எது?"

மூன்றாவது உருவத்தில் விரல் வைத்தாள். ஒருவருக்கும் முகத்தில் கண் இல்லை.

"கண்ணு போடலியா?"

"எண்ணும்போது கண்ணு தெறக்கக் கூடாது அத்தை. தெறந்தா மொதல்லருந்து எண்ணுவாங்க."

வீட்டுக்கு வந்ததும் இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஆவியில் காட்டி அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். முழுசாகப் பிரியவில்லை. சாட்டைக்காரனின் கை மட்டும் கிழிந்துபோய் எதிர்ப் பக்கத்தில் படுத்திருந்தவர்கள் மேல் ஒட்டிக்கொண்டது. சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை. அப்படியே எடுத்துப்போய் மறுவாரம் பிள்ளைகளிடம் காட்டினேன். மறைத்தது நான்தான், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டுக் கதை முழுவதையும் படித்தேன். இதெல்லாம் இப்பவும் நடக்குமா என்று கேட்டார்கள். அந்தப் பெண் கேட்கவில்லை. கப்பல் படத்தைப் பார்த்து, "இங்க எடம் தாராளமா இருக்குது" என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் பெரியம்மாவிடம் போனேன். பழம் பிழிந்துகொண்டிருந்தாள்.

"சவுக்கு வெட்டற வேலைக்குப் போயிருக்கா என் தங்கச்சி. புருசன் ஆஸ்பத்திரியில கெடந்தப்போ மேஸ்திரிகிட்ட அட்வான்ஸ் வாங்கினா. புருசனும் செத்துப் போயிட்டான். வாங்கினதுக்கு ஒழைக்கறா. இதுல கேக்க என்ன இருக்குது?"

"எந்த ஊருன்னு தெரியுமா?"

அவள் கை நின்றது. "லாரியில இட்டுக்கினு போனாங்க. புள்ளைக்குக் காய்ச்சல் தீரலன்னு மேஸ்திரி ஆளு கொண்டாந்து இங்க விட்டுட்டுப் போனான். இப்ப போன் போட்டா அவன் எடுக்கறதில்ல."

"நீ தேடலியா?"

"ஆடு காணாமப் போனா அதோட கொரலை வச்சுத் தேடலாம். கொரலே வராத ஆட்டை எங்கன்னு தேடுவேன்?"

அந்தச் சொல் என்னை விடவே இல்லை. மறுநாள் காலை அந்தப் பெண் வரைந்த படத்தை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போனேன். பால் வண்டி ஓட்டுகிற அண்ணன் கேன் ஏற்றிக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக மலையைச் சுற்றி எல்லாக் கிராமத்துக்கும் காலை மாலை வண்டி விடுகிறவர். நம் மலை ஒரு பக்கம் ஒற்றையாக நிற்கும், ஒரு பக்கம் இரண்டாகப் பிரியும், இன்னொரு பக்கம் ஐந்து முகம் காட்டும். மலையைப் பார்த்தே எங்கே நிற்கிறோம் என்று சொல்வதை இங்கே யாரும் வித்தையாக நினைப்பதில்லை.

"இன்னாக்கா, புள்ளைங்க வரையறத இந்த வயசுல நீ வரைய ஆரம்பிச்சிட்டியா?" என்று சிரித்தபடி வாங்கினார். பிறகு சிரிப்பு நின்றது. தாளைத் தள்ளிப் பிடித்தார், கிட்டக் கொண்டுவந்தார். "இந்தச் சின்ன மேடு பெருசோட வலது இடுப்புல ஏறிக் குந்திக்கினு கீது பாரு. இது நம்ம பக்கமே இல்ல. வடக்கால, என் கடேசி ஸ்டாப்புக்கு அந்தாண்ட."

"புள்ள ஏதோ கை போன போக்குல போட்டிருந்தா?"

"பொய் போடத் தெரிஞ்ச கை வேற எல்லாத்தையும் போடும். இந்த மேட்டைப் போடாது."

அன்று மாலை பால் எடுக்கப் போகிற நடையில் பெரியம்மாவும் நானும் வண்டியில் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டோம். படம் என் மடியில். ஒவ்வொரு ஊராக நின்று பால் ஏற்றிப் போகப்போக மலை திரும்பியது. சின்ன மேடு பெரியதின் பின்னாலிருந்து மெதுவாக வெளியே வந்தது. கடைசி நிறுத்தம் தாண்டி ஒரு வளைவில் அண்ணன் வேகத்தைக் குறைத்தார். ஜன்னலில் தெரிந்த மலையும் மடியில் இருந்த மலையும் ஒன்றாகிவிட்டன. அதற்கு நேர் கீழே சவுக்குத் தோப்பு.

வண்டி நிற்கவில்லை. தோப்போரம் நாலைந்து பெண்கள் கட்டு சுமந்து போனார்கள். பெரியம்மா வாயைத் திறந்தவள், தன் கையாலேயே பொத்திக்கொண்டாள். வெகு தூரம் போன பிறகுதான் கையை எடுத்தாள். "மூணாவதா போனவ" என்றாள்.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமைதோறும் மனு வாங்குவார்கள். அடுத்த திங்கள் போனோம். நான் எழுதினேன், பெரியம்மா கைநாட்டு வைத்தாள். படத்தையும் பின்னால் குத்தினோம். வாங்கிய அதிகாரியம்மா சின்ன வயதுக்காரர். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். மறுநாள் காலையிலேயே ஜீப்பும் ஒரு வேனும் கிளம்பின. ஆளை அடையாளம் காட்ட எங்களையும் ஏற்றிக்கொண்டார்கள்.

கொட்டகை முன்னால் கயிற்றுக்கட்டிலில் இருந்த மேஸ்திரி எழுந்து கும்பிட்டான். மோர் கொண்டுவரச் சொன்னான். பதினோரு பேர் வந்து நின்றார்கள். அதிகாரியம்மா ஒவ்வொருவரையும் தள்ளிக் கூட்டிப்போய், யாராவது பிடித்து வைத்திருக்கிறார்களா என்று கேட்டார்.

"எங்க இஷ்டத்துலதான் இருக்கோம்ங்க."

அடுத்த ஆளும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். ஒரே வாக்கியம், மூச்சு விடுகிற இடம் கூட ஒன்று. பெரியம்மாவைப் பார்த்துக்கொண்டே அவள் தங்கையும் அதையே சொன்னாள். "அடியே, நான்டீ" என்றாள் பெரியம்மா. தங்கை தலையை ஆட்டினாள், தெரியும் என்கிற மாதிரி.

அதிகாரியம்மா கோப்பை மூடினார். எல்லாரும் இஷ்டத்தில் இருக்கிறோம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டால் மறுபடி யார் வரப்போகிறார்கள்? எனக்குத் தெரிந்ததெல்லாம் பேச்சுதான். "சரிம்மா, இஷ்டத்துலதான இருக்கற? ரோட்டு வரைக்கும் வா, ஒரு டீ குடிச்சிட்டு உடனே திரும்பிடு" என்று தங்கையின் கையைப் பிடித்தேன்.

வந்தாள். இருபது அடி நடந்திருப்போம். கை இழுபட்டது. திரும்பிப் பார்த்தால் நின்றுவிட்டாள். வேலி இல்லை, பள்ளம் இல்லை, வெறும் மண். பின்னாலேயே வந்த மற்றவர்களும் அவளுக்கு நேராக வரிசை பிடித்த மாதிரி நின்றார்கள். குனிந்து பார்த்தேன். அவர்கள் பக்கம் மண் முழுக்க வெறுங்கால் தடம், ஒன்றன் மேல் ஒன்றாக. என் பக்கம் வண்டித் தடமும் எங்கள் செருப்புத் தடமும்தான், வெறுங்கால் தடம் ஒன்று கூட இல்லை.

"ஏம்மா?"

"மதியம் எண்ணுவாங்க அக்கா. ஆளு கம்மியானா மத்தவங்களுக்குச் சோறு இல்ல."

அதிகாரியம்மா என் பக்கத்தில் வந்து நின்று அந்த மண்ணைப் பார்த்தார். மேஸ்திரி ஏதோ சொல்ல வந்தான். அவர் திரும்பவில்லை. "யாரும் கம்மியாக மாட்டாங்க. பதினோரு பேரும் ஒண்ணா வாங்க" என்றார். நெடுநேரம் யாரும் நகரவில்லை. பிறகு பதினோரு பேரும், யாரும் யாரையும் பார்க்காமல், ஒரே காலடியாக எடுத்து வைத்தார்கள்.

வேங்கிக்கால் ஆபீஸ் வராந்தாவில் அவர்களை உட்காரவைத்தோம். உள்ளே வாக்குமூலம் எழுதி கொத்தடிமை விடுதலைச் சான்று அடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போயிருந்தாள். பெஞ்சு காலியாக இருந்தும் அவர்கள் தரையில் வரிசையாகத்தான் உட்கார்ந்தார்கள்.

பிள்ளையின் அம்மா எழுந்து என்னிடம் வந்தாள். "அக்கா, ஒண்ணுக்குப் போய்ட்டு வரட்டுங்களா?"

"அதோ பத்தடியில இருக்குது. போம்மா. என்னை எதுக்குக் கேக்கற? நான் என்ன உனக்கு மாமியாரா?"

நான்தான் சிரித்தேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள், கால் விரல்களைத் தரையில் அழுத்திக்கொண்டு. மற்ற பத்துப் பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். கேட்க வேண்டாம் என்று மறுபடி சொன்னேன். அசையவில்லை. அடக்க முடியாமல் அவள் முழங்கால் நடுங்குவது புடவைக்கு மேலேயே தெரிந்தது.

கடைசியில் நான் தலையாட்டினேன். அவள் போனாள். வரிசையில் அடுத்திருந்தவள் எழுந்து வந்து என் முன்னால் நின்றாள்.