காவலர் வெளியே நிற்கட்டும்

கிருஷ்ணகுமாரி அக்கா ஒஸ்லோவில் ஒரு சிறைச்சாலையின் தலைமைத் தாதி. "மறியலுக்குள்ளையோ வேலை?" என்று எங்கடை ஆக்கள் கூடி வாழும் ட்வெய்ட்டாப் பகுதியில் யாராவது முகம் சுளித்தால், "ஓம், கள்ளனுக்கும் காய்ச்சல் வரும்தானே" என்பா.

போன மாரியில், ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரக் காத்திருக்கும் ஒரு நாட்டின் அதிகாரிகள் அவவிடம் வந்தார்கள். சிறைகளில் சித்திரவதை நிற்கவேண்டும் என்பது ஒன்றியத்தின் நிபந்தனை. அதற்காகப் புதுச் சட்டம் எழுதிக்கொண்டிருந்தார்கள். கூட்டிவந்தது நான் வேலை செய்யும் மனித உரிமை நிறுவனம். எங்கள் பரம்பரையிலேயே பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். படித்த சட்டமெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஒரு வரியில் இழுபறி தீரவில்லை. கைதியை மருத்துவர் பரிசோதிக்கும்போது காவலர் அறைக்குள் நிற்கலாமா? நின்றால், அடிவாங்கியவன் வாயே திறக்கமாட்டான்.

"காவலர் சும்மாதான் நிற்பார்" என்றார் அவர்களுடைய சிறைத்துறைப் பணிப்பாளர்.

அக்கா சிரித்தா. ஆங்கிலத்தில்தான் பேசினா, என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகவே விழுந்தது. "எங்கடை ஆக்களும் இப்பிடித்தான். மனுசிக்கு வயித்துக்குத்து எண்டால் மனுசன், மாமி, மச்சாள் எல்லாரும் டொக்டரிட்டை வருவினம். எங்கை நோகுது எண்டு கேட்டால், மனுசன் மறுமொழி சொல்லுவார்."

"எங்கள் நாட்டிலும் அதே கூத்துத்தான்!" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்ப இந்தக் கதிரையிலை இருங்கோ" என்று பணிப்பாளரை இருத்தினா. கூட வந்த பிரதி அமைச்சரை அவருக்குப் பின்னால் நிறுத்தினா. "ஐயா சும்மா நிப்பார். இப்ப சொல்லுங்கோ, ஒழுங்கா நித்திரை வருதோ? குடிக்கிறனீங்களோ? மேலிடத்திலை ஆரும் வெருட்டினவையோ?"

பணிப்பாளரின் கழுத்துச் சிவந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. பிரதி அமைச்சர் அவருடைய பின்தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதவை நோக்கி நடந்தார். மற்றவர்களும் எழுந்து போனார்கள்.

"தம்பி, நீங்களும்தான். உங்கடை டிகிரியையும் தூக்கிக்கொண்டு வெளியிலை போங்கோ" என்றா அக்கா.

நடைகூடத்தில் நின்றோம். கதவுக்கு அப்பால் பணிப்பாளரின் குரல் மெல்ல எழுந்தது, சொற்கள் கேட்கவில்லை.

"என்ன சொல்கிறார்?" என்றார் பிரதி அமைச்சர்.

"தெரியாது ஐயா. நாங்கள் தெரிந்துகொள்ளவும் கூடாது."

கொஞ்சநேரம் கதவையே பார்த்தார். பிறகு என் பேனையை வாங்கி, சட்ட வரைவில் 'நிற்கலாம்' என்றிருந்ததை வெட்டி, 'நிற்கக்கூடாது' என்று எழுதினார்.

இந்த வைகாசியில் அந்தச் சட்டம் அவர்களுடைய பாராளுமன்றத்தில் நிறைவேறியது. எங்கள் அலுவலகமே கைதட்டியது. எனக்கோ நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. உடனே அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நல்லது தம்பி. பிறகு கதைக்கிறன். இஞ்சை ஒராள் உள்ளை இருக்கிறார்" என்று வைத்துவிட்டா.